தோட்டத்தில் கூப்பிட்ட குரல்

வேதாகமம் ஒலிப்பதிவாகும் அறையில் மின்விசிறி போடக் கூடாது. அந்தச் சத்தமும் பதிவாகிவிடும். வாசிப்பவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன். அவனுடைய ஒல்லி உடம்பைப் பார்த்து எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடுவார்கள்.

மகன் சிறையிலிருந்து வந்துவிட்டான், சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான் என்று காலையில் வாசிப்பவரிடம் அவர் மனைவி சொல்லியிருந்தாள். குடித்துவிட்டு வண்டியோட்டித் தங்கையின் ஒரு காலைக் காவு வாங்கியவன். இனி இந்த வாசல்படியை மிதிக்கக் கூடாது என்று அன்று சொன்னவர் இவர்தான். கதவைத் திறக்கட்டுமா என்று கேட்டாள். பதில் சொல்லாமல் வேலைக்கு வந்துவிட்டார்.

தின்னக் கூடாதென்று விலக்கிய கனியைத் தின்றுவிட்டுத் தோட்டத்து மரங்களுக்குள் ஒளிந்த முதல் மனிதனைக் கடவுள் தேடிக் கூப்பிடும் இடம் வந்தது. நடிக்கக் கூடாது, நேராக வாசிக்க வேண்டும் என்பது அங்கே விதி. எங்கே இருக்கிறாய் என்று கடவுள் கேட்கும் அந்த ஒரு வரியில் குண்டூசி நிறுத்தினான்.

"அண்ணே, போலீஸ் தேடி வந்த மாதிரி இருக்கு. ஒளிஞ்சவன் இன்னும் உள்ள போயிடுவான்."

மறுபடி வாசித்தார். இப்போது குரல் கெஞ்சியது. அதையும் நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் தோட்டத்தைவிட்டு வெளியே துரத்தப்போகிறவர் இப்படியா கேட்பார் என்றான்.

"எழுத்துல கோபமும் இல்ல, அழுகையும் இல்லடா. நான் எங்கேருந்து கொண்டு வர்றது?"

"இப்ப வர்ற ரெண்டும் நீங்க கொண்டு வர்றதுதாண்ணே."

அந்த வரியைத் தள்ளிவைத்துவிட்டு மேலே போனார்கள். கடவுள் இடும் சாபங்கள் தடங்கலில்லாமல் வந்தன. கடைசியில், துரத்துவதற்கு முன் கடவுள் அவனுக்கும் அவன் மனைவிக்கும் தோலில் உடை செய்து உடுத்துகிறார். அங்கே வாசிப்பவர் தானே நிறுத்திவிட்டார். எத்தனையோ முறை படித்த இடம். வெளியே குளிரும் என்று கடவுளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அனுப்பியிருக்கிறார். இதில் எது அவர் மனசு? குண்டூசி அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவர் எழுந்து நடைவழிக்குப் போய், தன் அலுவலகத்திலிருந்த மகளைக் கைபேசியில் கூப்பிட்டார். அண்ணன் வருவது அவளுக்குத் தெரிந்திருந்தது. போனது உன் கால், நீதான் சொல்ல வேண்டும் என்றார்.

"வரட்டும்பா. சாப்பிடட்டும், தூங்கட்டும். என்கிட்ட மட்டும் பேச வேணாம். பேசலாம்னு தோணும்போது நானே பேசறேன்."

"மன்னிச்சிட்டியாம்மா?"

"அதைக் கேக்காதீங்க. கதவைத் திறக்கறதுக்கு அதுவும் வேணுமா?"

அவர் திரும்பி வந்ததும் அன்றைய வேலையைக் குண்டூசி அதோடு நிறுத்திவிட்டான். உங்கள் குரல் கட்டியிருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இவரிடமிருந்து பதில் வராததால் மனைவி திறக்கவில்லை. மகன் வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்தான். அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"உள்ள வா," என்றார். "தங்கச்சிகிட்ட நீயா போய்ப் பேசாத. அவளா பேசட்டும்."

"எவ்வளவு நாளாகும்பா?"

"தெரியாது."

கதவைத் தட்டினார். மனைவி திறந்தாள். அவர் விலகி வழிவிட்டார். மகன் போகவில்லை, அப்பா முதலில் போகட்டும் என்று நின்றான். அவரும் நின்றார்.

"யாராவது ஒருத்தர் வாங்களேன்," என்றாள் மனைவி. "கதவைப் பிடிச்சிட்டு எவ்வளவு நேரம் நிக்கறது?"