ஈறு நிறக் கால்

பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்துகொடுக்கும் லேபில் அவளுக்கு வேலை. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் 'பல்லக்கா' ஆகிப்போனாள். பகல் முழுக்க யார் யாரோ வாய்க்குப் பல் வரிசை கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு ட்ரோன் கட்ட உட்கார்ந்துவிடுவாள். மீதிப் பாதியில்தான் கணவன் தட்டை வைத்துக்கொள்ள வேண்டும்.

"பாத்து. சோத்துல ஸ்க்ரூவக் கடிச்சுட்டேன்னா அப்புறம் எனக்கும் நீதான் பல்லு கட்டணும்" என்பான். அவ்வளவுதான் அவன் எதிர்ப்பு. பெயிண்ட் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சுமையையும் சரி, மனிதர்களையும் சரி, அலுங்காமல் தூக்கி அலுங்காமல் வைக்கிற சுபாவம்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவன் அவளுடைய தம்பி. அவனுக்கும் அதே ஆலையில்தான் வேலை, மாடியில் இருக்கிற ஆபீசில். ஒருநாள் போனில் ட்ரோன் எடுத்த வீடியோ ஒன்றைக் காட்டி, "ஒண்ணு வாங்கலாமாக்கா?" என்றான். அவள் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "இத எதுக்கு வாங்கணும்? நாலு மோட்டார், ஒரு போர்டு, ஒரு பேட்டரி. நானே கட்டுறேன்" என்றாள்.

கட்டினாள். அரிசியைவிடச் சின்னப் பல்லுக்கு மெருகு போடுகிற கை அது. ஈயப்பற்று வைத்த இடமெல்லாம் மணி மணியாக நின்றது. ஆனால் முதல்முறை தம்பி பறக்கவிட்டபோது தரையைவிட்டு எழுவதற்குள் குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்ந்தது. நாலு விசிறியில் இரண்டு வலப்புறமாகவும் இரண்டு இடப்புறமாகவும் சுற்ற வேண்டும். அவள் ஒரு பக்கத்து விசிறிகளை மாற்றிப் பூட்டியிருந்தாள். முன்கால் ஒன்று முறிந்தது. அக்காவும் தம்பியும் மண்ணில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

முறிந்த காலை அவள் லேபுக்கு எடுத்துப் போய், பல் செட்டுக்கு ஈறு செய்கிற பிளாஸ்டிக்கை மேலெல்லாம் பூசி ஒட்டினாள். கல் மாதிரி இறுகியது. மூன்று கால் கறுப்பு, ஒரு கால் ஈறு நிறத்தில் இளஞ்சிவப்பு. தெருவிலும் ஆலையிலும் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

அதிலிருந்து ஏற்பாடு இதுதான்: கட்டுவது அவள், ஓட்டுவது தம்பி. அவளுக்கு ரிமோட்டைத் தொட்டாலே கை பதறும். அவனுக்கு அது விரல் நுனியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஆற்றோரத்துக்குப் போவார்கள். போன் திரையில் அவள் தன் வீட்டு மொட்டை மாடியையும், கொடியில் காயும் துணியையும், பக்கத்து வீட்டுக்காரர் மூடாமல் விட்ட தண்ணீர்த் தொட்டியையும் மேலிருந்து பார்ப்பாள். கல்யாணமாகிப் பிள்ளையில்லாமல் போன வருடங்களில், தனக்கென்று ஒரு சந்தோஷம் அவளுக்கு வாய்த்தது அந்தக் காலைகளில்தான். அதைக் கொண்டுவந்தவன் தம்பி என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஆலையில் அப்போது ஒரு பிரச்சினை புகைந்துகொண்டிருந்தது. வண்ணம் கலக்கும் கூடத்தில் காற்றை வெளியே இழுக்கும் விசிறிகள் பழுதாகிக் கிடந்தன. வேலை நேரத்தில் ஒருவர் மயங்கி விழுந்தார், பிறகு இன்னொருவர். சொல்லிப் பார்த்தும் மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலையை நிறுத்துவதா வேண்டாமா என்று பேசி முடிவெடுக்க, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அப்பால் பொட்டல் வெளியில் கூடுவதென்று கிரேன் ஓட்டுகிறவர் ஏற்பாடு செய்தார். கூட்டத்துக்குள்ளேயிருந்து யாரும் பதிவு செய்துவிடக் கூடாதென்று எல்லோருடைய போனையும் ஒரு பையில் போட்டுத் தள்ளி வைப்பதாகவும் திட்டம். இதையெல்லாம் கணவன் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பியும் கூட இருந்தான். வீட்டு மனிதன் என்ற நினைப்பில் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

சனிக்கிழமை தம்பி வந்தான். "அக்கா, நாளைக்கு ஃப்ரெண்டு புது வீட்டுக்குக் குடிபோறான். மேலேருந்து ஒரு ஷாட் கேக்குறான். ட்ரோன எடுத்துட்டுப் போகவா?"

"எனக்கு நாளைக்கு லேப்ல அவசர வேல இருக்கு. பாத்து எடுத்துட்டுப் போ. பேட்டரிய மட்டும் சுத்தமா தீர்த்துடாத."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் அவள் கணவனிடம், "அத்தான், எங்க வீட்டுல குழாய் உடைஞ்சு தண்ணி கொட்டுது. நாளைக்குக் காலைல கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்களேன். பிளம்பர் வரமாட்டேங்கிறான்" என்றான். மாமியார் வீட்டுக் காரியம். கணவன் கிரேன்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, என்னால வர முடியல. நீங்க என்ன முடிவு எடுத்தாலும் நான் கூட நிப்பேன்" என்று சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை மதியமே அவன் வீடு திரும்பினான். அவள் சாப்பிட வந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

அவன் உட்காராமலே சொன்னான். ஒவ்வொருவராக மாடிக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு படத்தை வைத்தார்கள். பொட்டல் வெளி, நடுவில் வட்டமாக ஆட்கள், அண்ணாந்து பார்க்கும் இரண்டு மூன்று முகங்கள். ஏதோ விளையாட்டுப் பையன்கள் விடுகிறார்கள் என்று அன்றைக்கு யாரும் பொருட்படுத்தவில்லையாம். கிரேன்காரரையும் முன்வரிசையில் இருந்தவர்களையும் அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"ஆலை கேட்டுல என்னை யாரும் பாக்கல. வழிய மட்டும் விட்டாங்க, தீட்டுப் பட்ட மாதிரி. கிரேன்காரண்ணன்தான் மாடியிலேருந்து எடுத்துட்டு வந்த இத என் கையில கொடுத்தாரு. 'இது உன் வீட்டுது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா, நான் நம்புறேன்'னாரு."

படத்தை மேசைமேல் வைத்தான். கீழ் மூலையில், கேமராவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, இளஞ்சிவப்பாக ஒரு கால்.

"நீயா விட்ட?" என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட வேண்டியதாகிவிட்டதே என்ற கூச்சம்தான் இருந்தது. அவளுக்கு அது அறைந்ததைவிட வலித்தது.

"தம்பி எடுத்துட்டுப் போனான். ஃப்ரெண்டு வீட்டுக்குன்னான்."

அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அவள் எழுந்து கையைக் கழுவினாள்.

சாயங்காலம் அம்மா வீட்டில் தம்பி மறுநாளைக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். மழுப்பவில்லை. அதுவே அவளுக்குத் திக்கென்றது. பொய் சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் தம்பியாக இருந்திருப்பான்.

"எப்படியும் யாராவது போட்டுக் கொடுக்கத்தான் போறாங்கக்கா. அது நானா இருந்தா எனக்கு வேல நிரந்தரமாகும். எத்தன வருஷம் தற்காலிகம் தற்காலிகம்னு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறது?"

"உங்க அத்தான எல்லாரும் காட்டிக் கொடுத்தவன்னு நினைக்கிறாங்கடா."

"அத்தான் அந்தப் படத்துல இல்லல்ல? அவர் வேல போகலல்ல? அதுக்குத்தானே குழாய் பாக்க வரச் சொன்னேன்."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "குழாய் உடையலையா?"

"வாஷர நான்தான் கழட்டி வச்சேன்" என்றான், பெரிய உபகாரம் செய்தவன் போல. "நீ எனக்குத் தேங்க்ஸ் சொல்லுவன்னு நினைச்சேன்."

அடுக்களை வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டையைப் பார்த்தாள், தேய்ப்புப் பெட்டியைப் பார்த்தாள், மகளை மட்டும் பார்க்கவில்லை.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"அவன் வாழ்க்கையில இப்பத்தான் ஒரு வெளிச்சம் வருது. வாயத் தொறந்து கெடுத்துடாத. கூடப் பொறந்தவ நீ" என்றாள் அம்மா.

ட்ரோன் தம்பியின் கட்டிலுக்கடியில் இருந்தது. அவள் குனிந்து இழுத்து, நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தெருமுனை வரை அழவில்லை. அதற்கப்புறம் அழுத அழுகையை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, ஒன்றும் கேட்காமல் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். கணவன் ட்ரோனை அவள் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தான். "உன் தம்பி. யோசிச்சுக்கோ. நான் எப்படியாவது சமாளிச்சுக்குவேன்" என்றான்.

"அவன் யோசிச்சானா?"

கிரேன்காரர் வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை. ட்ரோனை அவர் முன்னால் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் அந்த இளஞ்சிவப்புக் காலை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

"என்கிட்ட சொன்னது சரி. நாளைக்குக் கேட்டுல, எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா? பேரோட?"

சொன்னாள். காலை ஷிப்ட் மாறும் நேரத்தில், உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நின்று கேட்க, என் ட்ரோன், என் தம்பி, என் புருஷனுக்கு ஒன்றும் தெரியாது என்று மூன்றையும் சொன்னாள். மாடி ஆபீஸ் ஜன்னலில் தேய்த்த சட்டை ஒன்று தெரிந்தது. அது கீழே இறங்கி வரவில்லை.

அன்றைக்கே வேலை நின்றது. இழுபறிக்குப் பிறகு விசிறிகளை மாற்றினார்கள், வெளியே அனுப்பியவர்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கிரேன்காரரை எடுக்கவில்லை. அவர் வேறு ஊரில் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டு, போகும்போது அவள் கணவனைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார். தம்பிக்கு வேலை நிரந்தரமானது. கேன்டீனில் அவன் மேசையில் மட்டும் யாரும் உட்காருவதில்லை என்று கணவன் ஒருநாள் சொன்னான். அம்மா போன் செய்வதில்லை. 'குடும்பமே சேர்ந்து ஆடின நாடகம்' என்று இன்னும் சொல்கிறவர்கள் ஆலையில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பல மாதங்கள் ட்ரோன் அலமாரி மேல் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதை இறக்கித் துடைத்து, கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு, தனியாக ஆற்றோரத்துக்கு எடுத்துப் போனாள். ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரல்களால் மெல்லத் தள்ளினாள். தத்தித் தத்தி எழுந்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, நின்றது. பறந்தது. தானே கட்டியதைத் தானே பறக்கவிடுவது இதுதான் முதல்முறை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கொஞ்சம் தள்ளி மரத்தடியில் நாலைந்து ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு அண்ணாந்தார்கள். ஒருவர் சீட்டுகளை வாரிச் சட்டைப்பையில் போட்டார். எல்லோரும் எழுந்தார்கள்.

"அண்ணே, இதுல கேமரா இல்ல" என்று அவள் கூப்பிட்டுச் சொன்னாள். "சும்மாதான் விடுறேன்."

பெரியவர் ஒருவர் திரும்பினார். கடுமையாக இல்லை, சாதாரணமாகவே கேட்டார்: "அது கீழ இருக்கிற எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அவர்கள் பாலத்தடிக்குப் போய் மறைவாக உட்கார்ந்தார்கள். அவள் ட்ரோனை மெதுவாக, கவிழ்ந்துவிடாமல் இறக்கினாள். விசிறிகள் சுற்றி முடியும்வரை காத்திருந்தாள். பிறகு மரத்தடியில் அவர்கள் விட்டுப்போன செய்தித்தாள் விரிப்பு காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டு, வீட்டை நோக்கி நடந்தாள்.