நாலு போன், ஒரு புத்தகம்

புத்தகம் என்றால் நாலு பேர் படிக்கிறதுதானே? அதற்குத்தான் எங்களைத் திருடிகள் என்றார்கள், படுபாவிகள்.

கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்கு சிக்னல் கிடையாது. பால் வண்டி ஓட்டும் நாராயணசாமி அண்ணனிடம் காலையில் எல்லோருடைய போனையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்போம். வெள்ளிமலையில் சிக்னல் பிடித்து, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி, சாயங்காலம் பை திரும்பும். அரசு வேலைத் தேர்வுக்கான மின்னூலை என் பேரில் ஒன்றுதான் வாங்கினோம். நான், ஆண்டாள், பவானி, ரங்கம்மாள், நாலு பேர் போனிலும் ஒரே பாஸ்வேர்டு. முன்பு அச்சுப் புத்தகத்தையும் அப்படித்தான் நாலு வீட்டுக்குப் பொதுவாக வைத்துப் படித்தோம்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பை வந்தது. நாலு போனிலும் புத்தகம் இல்லை. ஒரு வருடமாக நான் அதற்குள் எழுதி வைத்த குறிப்புகளும் இல்லை. இந்த முறையும் தேறாவிட்டால் குடகுக்கு மிளகு பறிக்கக் கிளம்ப வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கரியன் முடிவாகச் சொல்லியிருந்தார். மறுநாள் நானே பால் வண்டியில் ஏறினேன்.

வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டில் நின்று மின்னூல் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"ஒரே நேரத்துல நாலு போன்ல ஓப்பன் ஆயிருக்கு மேடம். புது ரூல்படி அது திருட்டு," என்றாள் ஒருத்தி.

"காசு குடுத்து வாங்கின புக்கும்மா! இன்னாத்த திருடினோம்?"

"நீங்க புக் வாங்கல. படிக்கிற உரிமைதான் வாங்கியிருக்கீங்க."

"நான் எழுதின நோட்ஸும் உன்னுதா? அதையாவது குடு!"

"கத்தாதீங்க மேடம். ஒரு லிங்க் அனுப்புறேன், பாருங்க."

திறந்தேன். 'என் அனுமதியின்றி இவர்கள் என் கணக்கைப் பயன்படுத்தினார்கள்' என்று ஒரு வரி. கீழே மூன்று பேரின் நம்பர். சம்மதம் என்று அழுத்தினால் என் புத்தகம் வந்துவிடும். அந்த மூன்று நம்பரும் இனி அந்த ஆப்பில் நுழையவே முடியாது.

"கூடப் படிக்கிறவங்கள நானே காட்டிக் குடுக்கணுமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"அது உங்க இஷ்டம் மேடம்."

வைத்துவிட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பால் வண்டி ஹாரன் அடித்தது. சம்மதத்தை அழுத்திவிட்டேன்.

ஊர் முனையில் மூவரும் காத்திருந்தார்கள்.

"இன்னாக்கா சொன்னாங்க?" என்றாள் பவானி.

"முடியாதுன்ட்டாங்க."

பவானி ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். "கலையரசி போட்ட சண்டய பாக்கணுமே, விடவே இல்ல," என்றார் நாராயணசாமி அண்ணன்.

ரங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்காவ இவ்ளோ தூரம் போனியே, அதுவே போதும்."

ஆண்டாள் குனிந்து மண்ணை வாரித் தூற்றினாள். "எங்க வயித்துல அடிச்சவங்க வெளங்கவே மாட்டாங்க. நீயும் சொல்லுக்கா!"

"வெளங்கவே மாட்டாங்க," என்றேன்.