வெளுத்த ஸ்லைடு

லேப் டெக்னீஷியன் ஸ்டெபி ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டுக்கூடப் பழுப்பு ஏறவில்லை. சங்கு குளிக்கும் ரோச்சின் குடலிலிருந்து எடுத்த சதை அது. அழற்சி இருந்தால் நோயெதிர்ப்பு அணுக்களின் மேல் ஏற்பி என்றொரு புரதம் முளைத்திருக்கும். மேலே ஊற்றும் ஆன்டிபாடி அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடமெல்லாம் சாயம் பழுப்பாகத் தெரியும். தெரிந்தால் மருந்து. தெரியாவிட்டால் குடலில் ஒரு முழத்தை அறுத்து எடுப்பது என்று ரோச்சைப் பார்க்கும் டாக்டர் சொல்லியிருந்தார்.

பக்கத்திலிருந்த டான்சில் சதையும் வெள்ளையாகவே இருந்தது. அதுதான் கண்ட்ரோல், சோதனை சரியாக நடந்ததா என்று ஒப்பிட வைப்பது. யாருடையதோ டான்சில், அந்த ஏற்பி அதில் நிச்சயம் உண்டு. அதுவே வெளுத்துக் கிடக்கிறதென்றால் கோளாறு ஆன்டிபாடிக் குப்பியில்தான்.

அது எப்படி வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். முந்தாநாள் சாயங்காலம் பார்சல் பஸ்ஸில் வந்தபோது ஐஸ் முழுக்க உருகியிருந்தது. ஸ்டெபி பிறந்து வளர்ந்தது ஆலந்தலையில், மீன்பெட்டிகளுக்கு நடுவே. உருகின ஐஸைக் கண்டால் அவள் வம்சத்துக்கே கை பதறும். யோசிக்காமல் குப்பியைத் தூக்கி ஃப்ரீசரில் போட்டுவிட்டாள். மீனாக இருந்தால் தப்பித்திருக்கும். மறுநாள் காலை கல்லாய் உறைந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் லேபிளைப் படித்தாள்: உறையவிடக் கூடாது. உருகவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஸ்லைடுகளில் ஊற்றினாள்.

டிரேயில் போன மாதத்து டான்சில் ஸ்லைடு ஒன்று இருந்தது. பளிச்சென்ற பழுப்பு. தேதிச் சீட்டை மாற்றி ஒட்டி வைத்தால் ரிப்போர்ட் எழுதும் ஜீவமணி டாக்டர் கண்ட்ரோல் சரியென்று நம்பி, 'ஏற்பி இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஸ்டெபி ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிக்கை வாங்கியவள். இன்னொன்று என்றால் வேலை போய்விடும். கை அந்த ஸ்லைடை எடுத்தும் விட்டது.

ஜன்னலில் ரோச்சின் மனைவி பிலோமினா எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, ரிசல்ட் வந்துட்டா?"

"இன்னும் இல்லக்கா."

"அறுத்துட்டா பொறவு கடல்ல முங்க முடியாதுன்னு சொல்லுதாவ. மனுசன் மூணு நாளா சோறே திங்கல."

ஸ்டெபிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. பழைய ஸ்லைடை டிரேயிலேயே போட்டுவிட்டு, வெளுத்த இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

ஜீவமணி குனிந்து பார்த்தார். "கண்ட்ரோலே சாயம் எடுக்கலையே?"

"குப்பிய ஃப்ரீசர்ல வச்சிட்டேன் மேடம். உறைஞ்சது தெரிஞ்சும் ஊத்துனேன்."

டாக்டர் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தார்.

"டிஷ்யூ மிச்சம் இருக்கா?"

"ஒரு தடவை வெட்ட வரும் மேடம்."

"புதுக் குப்பி வர நாலு நாளாகும். வந்ததும் நீயே வெட்டு. ஒன் விஷயத்த அதுக்குப் பொறவு பேசிக்கிடுவோம்."

ஐந்தாம் நாள் புதுக் குப்பி ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இருந்தது. மெழுகுக் கட்டிக்குள் ரோச்சின் சதை உளுந்தளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. ஸ்டெபி மூச்சை அடக்கிக்கொண்டு சதை சீவும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினாள். ஒரே ஒரு சீவல் வந்தது. பிரஷ்ஷால் ஏந்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டாள். சுருக்கம் மெல்ல விரிந்தது. வெளியே பெஞ்சில் பிலோமினா இருந்தாள். பக்கத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோச். சீவலை ஏந்த ஸ்டெபி ஸ்லைடுக் கண்ணாடியைச் சாய்த்துத் தண்ணீருக்குள் இறக்கினாள். சீவல் சற்று விலகிப் போய், திரும்பி வந்து, கண்ணாடியின் விளிம்பைத் தொட்டது.