கடையை மூடியவரின் கடிதம்

ஈப்போவில் தங்கள் லத்தீபா உணவகத்தின் மாடி அறையில் உட்கார்ந்து ஃபர்சானா விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். நெதர்லாந்தில் உணவுப் பாதுகாப்பு பற்றிய முதுகலைப் படிப்பு, இரண்டு வருடம். கல்விக் கட்டணம், விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாமே உபகாரச் சம்பளம் தருகிறவர்கள் பாடு. உலகம் முழுவதிலுமிருந்து முப்பது பேரைத்தான் எடுப்பார்கள். அந்த முப்பதில் தான் ஒருத்தி என்பதில் அவளுக்குப் பெரிய சந்தேகம் ஒன்றும் இல்லை. மற்ற இருபத்தொன்பது பேர் யாரென்றுதான் தெரியவில்லை என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இடறியது ஒரே ஒரு இடத்தில். இரண்டு பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். ஒருவர் பாடம் நடத்தியவர். பினாங்கில் அவளுக்கு உணவுத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்த விரிவுரையாளர் கேட்ட அன்றைக்கே சரி என்றுவிட்டார். இன்னொருவர் அவளுடைய வேலையை நேரில் பார்த்து எடை போட்டவராக இருக்க வேண்டும். உறவினராக இருக்கக் கூடாது.

அவள் பட்டம் வாங்கிய மாதம்தான் அத்தா லியாகத் அலிக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை ஆனது. கடையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஈப்போவுக்கு வந்தவள் ஆறு வருடமாக அங்கேயே நின்றுவிட்டாள். அவள் பார்த்த ஒரே வேலை அதுதான். அவளுக்கு வாய்த்த ஒரே முதலாளியும் அத்தாதான்.

கீழே இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் எழுதித் தாரேன்லா. கடை முத்திரைச் சாப்பும் குத்தித் தாரேன்" என்றார் லியாகத் அலி.

"உங்க கடுதாசி செல்லாதுத்தா. நீங்க என்னைப் பெத்தவரு."

"பெத்தவனுக்குத் தெரியாதது வேற எவனுக்குத் தெரியும்?"

"அதுதான் அவங்களுக்குப் பயம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா லத்தீபா சிரித்துவிட்டாள். அத்தா விடவில்லை. கோழி போடுகிற சீன முதலாளி தவுக்கே இருக்கிறார், பள்ளிவாசல் தலைவர் இருக்கிறார், தினமும் காலையில் ரொட்டி சாப்பிட வரும் வக்கீல் இருக்கிறார் என்று விரல் மடக்கினார்.

"அவங்கல்லாம் நம்ம கடையில சாப்பிட்டவங்கத்தா. சமைக்கிற இடத்தை மூலைமுடுக்கு விடாம பார்த்த ஆளு வேணும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே பதில் கிடைத்துவிட்டது. அப்படிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அத்தாவுக்கு அவர் வெறும் 'அந்தப் பொம்பள'.

மாநகர் மன்றத்தின் சுகாதார அதிகாரி புஷ்பலதா நாலு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குள் நுழைந்தார். கையில் டார்ச் லைட். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் எலிப் புழுக்கை, கழிவுநீர்க் கால்வாயில் கரப்பான், சரியாக மூடாத குளிர்பெட்டி. அரை மணி நேரத்தில் பதினேழு குறை எழுதினார். பதினாலு நாள் கடையை மூடச் சொல்லி இரும்புக் கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். மதியத்துக்குள் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் 'லத்தீபாவில் எலி' என்று செய்தி ஓடியது. அத்தா ஆசையாகத் தன் மனைவி பெயரைக் கடைக்கு வைத்ததற்கு அம்மா இரண்டு வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கூடப் போக முடியாமல் கிடந்தாள்.

அத்தா அந்தப் பதினாலு நாளும் திட்டிக்கொண்டே இருந்தார். ஃபர்சானா அந்தப் பதினாலு நாளில் சமையலறையைப் பிரித்து மறுபடி கட்டினாள். மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கினாள். கால்வாய்க்குக் கம்பி வலை போட்டாள். ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுத வைத்தாள். குழம்புச் சட்டிகளில் வெப்பமானி வைத்து, அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கினால் மறுபடி கொதிக்க வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். திரும்பத் திரும்பக் கொதித்தால் மீன் குழம்பு கெட்டியாகிறது, ருசி மாறுகிறது என்று சமையல்காரர் முணுமுணுத்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். ருசியும் போகக் கூடாது, ஆளுக்கு வயிறும் கெடக் கூடாது, எட்டு மணி நேரம் குழம்பை எப்படிக் காப்பாற்றுவது? அவளுடைய ஆராய்ச்சித் திட்டம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

"அவங்ககிட்ட கேக்கப் போறேன்" என்றாள்.

அத்தாவின் முகம் சிவந்தது. "ஊர்ல வேற ஆளே இல்லியா? நம்ம வயித்துல அடிச்சவகிட்டயா போயி நிப்ப?"

"வயித்துல அடிக்கலத்தா. எலியைத்தான் அடிச்சாங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மாநகர் மன்ற அலுவலகத்தில் இருந்தாள். புஷ்பலதாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் மகள். அந்தத் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகிவிட்டது. ஃபர்சானா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"பதினாலு நாள் உங்க கடையை மூடினது நான்தான். ஞாபகம் இருக்கில்ல?"

"அதனாலதான் வந்தேன், புவான். அதுக்கப்புறம் ஒம்பது தடவை வந்திருக்கீங்க. என் வேலையை உங்க அளவுக்கு யாரும் பார்த்ததில்ல."

"மேலதிகாரி அனுமதி குடுத்தா எழுதலாம். ஆனா நான் பார்த்ததைத்தான் எழுதுவேன். இனிப்பா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க."

"பார்த்ததை எழுதினாலே போதும்."

புஷ்பலதா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கடைசியா வந்து ஏழு மாசமாச்சு. பழைய கதையை வெச்சு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னொரு தடவை வந்து பெரிக்சா பண்ணிட்டுத்தான் எழுதுவேன். எப்போன்னு சொல்ல மாட்டேன்."

விண்ணப்பம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. சோதனைக்கு என்றைக்கு வந்தாலும் தனக்குச் சம்மதமே என்று சொல்லிவிட்டு ஃபர்சானா எழுந்தாள். படியிறங்கும்போது அவளுக்குப் பசித்தது. பக்கத்துக் கடையில் இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டாள்.

அனுமதி கிடைத்துவிட்டதாக இரண்டு நாளில் தகவல் வந்தது. தவிப்பெல்லாம் அத்தாவுக்குத்தான். சீருடையில் எந்தப் பெண் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். தபால்காரப் பெண்ணுக்குக் கூட ஒருமுறை எழுந்து நின்றார்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் கூட்டம் மொத்தமும் கடைக்குள் இருந்தது. நிற்கக்கூட இடமில்லை. அந்த நேரம் பார்த்துப் புஷ்பலதா டார்ச் லைட்டோடு வந்தார்.

"வாங்கம்மா. ஒரு தே தாரிக் குடிச்சிட்டுப் பாருங்களேன்" என்றார் லியாகத் அலி. நாலு வருடத்தில் அவரோடு அத்தா பேசிய முதல் மரியாதையான பேச்சு அதுதான்.

"இன்னிக்கு இந்தக் கடையில நான் பச்சத் தண்ணி குடிச்சாலும் உங்க மக கடுதாசி கெட்டுப் போயிரும்ண்ணே" என்றபடி புஷ்பலதா சமையலறைக்குள் போய்விட்டார்.

ஃபர்சானா கூடவே நடந்தாள். குழம்புச் சட்டிகளில் வெப்பம் பார்த்தார்: அறுபத்து நாலு, அறுபத்தாறு, அறுபத்து மூன்று. கால்வாய், அரிசி அடுக்கு, கத்தி வைக்கும் இடம் எல்லாவற்றிலும் டார்ச் ஒளி ஊர்ந்து போனது. குறை ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் உறைபெட்டியைத் திறந்து, மீன் பொட்டலங்களுக்கு அடியில் கையை விட்டு ஒரு நீல டப்பாவை எடுத்தார். அதில் தேதியும் இல்லை, பெயரும் இல்லை.

"இது என்ன?"

ஃபர்சானாவுக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு. நல்ல கொழுப்போடு, பெரிய பெரிய துண்டுகளாக இருந்தது.

வாசலில் நின்ற லியாகத் அலி தொண்டையைச் செருமினார். "அது என்னோடதும்மா. டாக்டர் கறி திங்கக் கூடாதுன்னுட்டாரு. வீட்டுல தெரிஞ்சா ஏசுவாங்கன்னு நான்தான் ஒளிச்சு வெச்சேன். மக தலையில போடாதீங்க. இது கடைச் சாமானே இல்ல."

"அப்படியா சங்கதி!" என்று பின்னாலிருந்து லத்தீபாவின் குரல் கேட்டது. அத்தா திரும்பிப் பார்க்கவே இல்லை.

"சமையலறையில இருக்கறது எல்லாம் என் பொறுப்புதான், புவான். கழிச்சுக்குங்க" என்றாள் ஃபர்சானா.

புஷ்பலதா எழுதினார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ஒரு வார்த்தை பாராட்டவில்லை. தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வெளியேறினார். மூன்று நாள் கழித்து, பரிந்துரைக் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது என்று நெதர்லாந்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று விண்ணப்பதாரருக்குக் காட்ட மாட்டார்கள். ஃபர்சானா அதைப் பற்றிக் கவலைப்படாமல் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமைக் கணக்குக்குக் கோழி சொல்லப் போனாள்.

மார்ச் மாதம் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். கணினித் திரையில் மூன்று பேர். கீழே ரொட்டி சானாய் தட்டும் சத்தம் மாடிக்குக் கேட்டது. என்ன சத்தம் என்று அவர்கள் கேட்டபோது, அதுதான் தன்னுடைய அலுவலகம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சிரித்தார்கள். புள்ளிவிவரக் கணக்கு பற்றி ஒருவர் கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றாள். முதல் வருடத்தில் எந்தப் பாடத்தில் அதைக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பாடத்திட்டத்தை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

நடுவில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி ஒரு தாளை எடுத்தார். "உங்களுக்குப் பரிந்துரை எழுதியவர் உங்கள் உணவகத்தை மூடியவர். போன நவம்பரில் கூட நாலு மதிப்பெண் கழித்திருக்கிறார். 'நான் பல கடைகளை மூடியிருக்கிறேன். மூடியதற்காகவே என்னைத் தேடி வந்து பரிந்துரை கேட்டவர் இவர் ஒருவர்தான்' என்று எழுதியிருக்கிறார். ஏன் இவரிடம் கேட்டீர்கள்?"

"எங்கள் கடையைப் பற்றி நல்லது சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றாள் ஃபர்சானா. "நான் விண்ணப்பத்தில் ஒரு பொய் எழுதியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அவர் மட்டும்தான். அவர் கையெழுத்துக்குத்தான் மதிப்பு என்று நினைத்தேன்."

அந்தப் பெண்மணி தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

ஜூன் பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, தேங்காய்ப் பால் பிழிந்த கையோடு நிற்கும்போது கைப்பேசியில் முடிவு வந்தது. முதல் வரியிலேயே வாழ்த்து. கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு அம்மாவிடம் காட்டினாள். லத்தீபாவுக்கு ஆங்கிலம் வராது. மகளின் முகத்தைப் பார்த்தே, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்த கையோடு, "சமையலறையை நான் பார்த்துக்குறேன். உங்க அத்தா கறி டப்பாவையும் சேர்த்துப் பார்த்துக்குறேன்" என்றாள். ஒரு வருடமாகவே வெப்பமானி பார்ப்பதிலிருந்து மருந்தடிக்க ஆள் சொல்வது வரை அம்மாவுக்குப் பழக்கி வைத்திருந்தாள் ஃபர்சானா. போகத்தான் போகிறோம் என்று தெரிந்தவளுக்கு அது கூடத் தோன்றாதா?

செய்தி கல்லாவில் இருந்த லியாகத் அலிக்குப் போனது. மறுநாள் காலை வெள்ளைச் சட்டையும் சொங்கோக் தொப்பியும் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனவர் பத்து மணிக்குத் திரும்பி வந்தார்.

"எங்கத்தா போயிட்டு வாரீங்க?"

"பண்டாராயாவுல இருக்கற சுகாதார ஆபீசுக்கு. அந்தம்மா இல்ல. எந்தக் கடையையோ பெரிக்சா பண்ணப் போயிருச்சாம்." நாற்காலியில் உட்கார்ந்து சொங்கோக்கைக் கழற்றினார். "லத்தீபா கடை லியாகத் அலி வந்தாரு, மக ஹாலந்து போறான்னு சொல்லிருங்கன்னு கவுண்டர்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஆகஸ்டில் விசா வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் ஈப்போ டவுனில் ஒரு பழைய துணிக் கடைக்குக் குளிர்ச்சட்டை வாங்கப் போனார்கள். வெளியே முப்பத்து நாலு டிகிரி வெயில். கடைக்குள் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் கடைக்காரப் பெண்ணின் பக்கமே திரும்பியிருந்தது. முழங்கால் வரை நீண்ட கறுப்புக் கம்பளிச் சட்டையை ஃபர்சானா மாட்டிக்கொண்டாள். கழுத்து வரை பித்தான் போட்டாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"பைத்தியமா உனக்கு? கழட்டுடி, மயக்கம் போட்டு விழப் போற" என்றாள் லத்தீபா.

"இருங்கம்மா" என்று சொல்லி, கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். தோள் சரியாக இருந்தது. உள்ளே இன்னொரு சட்டை போடவும் இடம் இருந்தது.

"இதையே எடுத்துக்குறேன்லா" என்றாள் கடைக்காரப் பெண்ணிடம்.