முனைவீட்டு வேகத்தடை

வேகத்தடையில் கடப்பாரை இறங்கிய முதல் குத்துக்கே முனைவீட்டுக் கதவு திறந்தது. டிரைவர் நிமிரவில்லை. பஸ் ஓட்டுவதை விட்டுப் பல வருடங்களாகியும் தெருவில் அவர் டிரைவர்தான். தடையின் உச்சியில் ஒரு குழி விழுந்திருந்தது. பின்னால் வாடகைக் காருக்குள் மனைவி காத்திருந்தாள். முதுகெலும்பில் அறுவை நடந்ததிலிருந்து, மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் கார் இதில் ஏறி இறங்குகையில் கைக்குட்டையைக் கடித்துக்கொள்கிறாள். தெருவை விட்டு வெளியேற வேறு வழியும் இல்லை. மறுகோடியில் லாரிகள் வந்துபோகும் கிடங்கின் கேட்டும் சுவரும்தான்.

முனைவீட்டுக்காரி இடுப்பில் குழந்தையோடு வந்து கடப்பாரைக்கு முன்னால் நின்றாள்.

"தள்ளும்மா. என் பொண்டாட்டி வலியில துடிக்கிறா."

"கிடங்கு லாரி எப்படிப் பறக்குதுன்னு பார்க்கறீங்கல்ல? ஒரு பிள்ளை அடிபட்டாத்தான் உறைக்குமா?"

அவர் கை நின்றது. அவர் சொன்ன வார்த்தைகள்தான். மகன் நடை பழகிய காலத்தில், தெரு முழுக்கப் பந்தும் சைக்கிளுமாக இருந்தபோது, நகராட்சி அலுவலகத்தில் மேசையைத் தட்டி அப்படித்தான் கேட்டிருந்தார். தடை போட்ட அன்று உயரம் போதாதென்று, ஈரம் காய்வதற்குள் இன்னும் இரண்டு சட்டிக் கலவையைக் கொட்டியதும் அவர்தான். எந்த உயரத்துக்கு எவன் அடங்குவான் என்று பஸ்காரனுக்குத் தெரியாதா? மகன் வெளியூரில் குடியேறிவிட்டான். பந்துகள் போய், வாசற்படிதோறும் கைப்பிடிக் கம்பிகள் முளைத்திருந்தன. தெருவில் இப்போதுள்ள ஒரே குழந்தை இவள் இடுப்பில் இருந்தது.

"ஒத்தப் புள்ளைக்காக இத்தனை கிழங்களும் இடுப்பொடிஞ்சு கிடக்கணுமா?"

"உங்க புள்ளைக்குன்னா மலை மாதிரி எழுப்புவீங்க. அடுத்தவ புள்ளைன்னா கடப்பாரை. நல்லா இருக்கு பெருசு உங்க நியாயம்."

"நேத்து குடிவந்தவ நீ எனக்கு நியாயம் சொல்றியா?"

கார்க் கதவு திறக்கும் சத்தம். மனைவி நாலுகால் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி, முகம் வெளிற எழுந்தாள். டிரைவர் ஓடினார்.

"தொடாதீங்க. எழுப்பினதும் நீங்க, இடிக்கிறதும் நீங்க. நான் நடந்தே தாண்டிக்கறேன். அவளும் கிட்ட வர வேண்டாம்."

ஒவ்வொரு அடியாக ஏறினாள். உச்சியில், ஊன்றுகோலின் ஒரு கால் அவர் பெயர்த்த குழிக்குள் இறங்கிச் சிக்கியது. இழுத்தாள். வரவில்லை. பிடியை விடவும் முடியவில்லை. டிரைவரும் முனைவீட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். குழந்தை உச்சியில் நின்றவளை நோக்கிக் கையை நீட்டியது.

பெரிய சாலையிலிருந்து லாரி ஒன்று தெருவுக்குள் திரும்பும் ஹாரன் கேட்டது.