பழைய ரோட்டில் ஒரு பென்ஸ்

வேலு அண்ணன் மறுபடியும் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, குலுங்கியது, அடங்கிவிட்டது. பின்னால் கண்ணாடிக்குள், பெட்டியில், அப்பா காத்திருந்தார்.

வாசலில் நின்ற சொந்தபந்தம் முழுவதும் கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தது. தம்பி தீபன் குளிர்சாதன வேன் ஒன்றைத்தான் பேசி வைத்திருந்தான். பக்கவாட்டில் அப்பாவின் படம் ஒளிர ஒரு திரைகூட அதில் உண்டு. அது வேண்டாமென்று சொல்லிவிட்டு, எழுபதுகளில் வந்த இந்தப் பழைய பென்ஸை வரவழைத்தவள் அவள்தான். யாரோ எந்தக் காலத்திலோ அதன் பின்பக்கத்தை நீட்டி, கண்ணாடி வைத்து, சாவு வண்டியாக்கியிருந்தார்கள். வெண்ணெய் நிறம். அதுவும் சில இடங்களில்தான் மிச்சம்.

“என்னக்கா இது? மியூசியத்துல இருந்து கொண்டாந்தியா?” என்றான் தீபன்.

“அப்பா கேட்ட வண்டி.”

“அப்பா ஆயிரம் கேப்பாரு. பதினோரு மணிக்கு சுடுகாட்டுல இருக்கணும். லேட்டானா அடுத்த ஆள உள்ள விட்டுருவாங்க லா.”

அப்பா தங்கராஜு இறந்து ஒரு நாள்தான் ஆகிறது; கஸ்தூரி ஒழுங்காகத் தூங்கி வருடக்கணக்காகிறது. சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டும் நாட்கள் போக, மிச்ச நாட்களில் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது அவள் பாடு. அழுகை வரும் வரும் என்று நேற்றிலிருந்து பார்க்கிறாள். அலுப்புதான் வருகிறது. அதற்காக உள்ளுக்குள் கூசியது.

ஒருவழியாக இன்ஜின் பிடித்துக்கொண்டது. வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்த அம்மா செல்வராணி, புகையைக் கையால் விலக்கினாள்.

“வழியில படுத்துக்காம போய்ச் சேந்தா சரி” என்றாள். வண்டியைச் சொன்னாளா, அப்பாவைச் சொன்னாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஹைவே வேணாம் தம்பி, ஹீட் ஏறிரும். பழைய ரோட்டுலயே மெதுவா போயிருவோம்” என்றார் வேலு அண்ணன். தீபன் பல்லைக் கடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினான். கஸ்தூரி தன் மைவி காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பக்கத்து சீட் இன்னும் அப்பாவின் காலுக்கு ஏற்றபடி பின்னுக்குத் தள்ளியே இருந்தது.

அந்த சீட்டில் உட்கார்ந்துதான் அவர் உலகத்தைப் பார்த்தார். செனாய் தொழிற்சாலை பஸ்ஸை வாழ்நாளெல்லாம் ஓட்டிய மனிதர், ரிட்டையரானதும் சாலையில் போகும் பழைய வண்டிகளுக்கு அடிமையாகிவிட்டார். “கஸ்தூரி, ஸ்லோ, ஸ்லோ! டட்சன் வருது பாரு!” என்பார். ஊசி குத்தி வீங்கிய கையால் போனைத் தூக்குவார். படத்தில் பெரும்பாலும் டாஷ்போர்ட் பிள்ளையாரும் அவள் காதும்தான் விழும். கொஞ்சம் நன்றாக விழுந்துவிட்டால் அதற்கும் குறை: “பாரு, அந்த ஆளு குறுக்க வந்துட்டான். வண்டி முழுசா தெரிய வேணாமா?”

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் பழைய கார்களை ஓட்டிக்கொண்டு கெலாங் பாத்தா பக்கம் பசியாற வருவார்கள். மூடிப்போன பெட்ரோல் ஸ்டேஷன் ஒன்றின் நிழலில் நின்று, அந்த ஊர்வலத்தைப் பார்த்தே ஆகவேண்டும் அவருக்கு. அவள் சீட்டைச் சாய்த்துப்போட்டுத் தூங்குவாள். வாரத்தில் அவளுக்குக் கிடைத்த நல்ல தூக்கம் அதுதான்.

இந்த பென்ஸைப் பார்த்தது ஒரு சிக்னலில். பக்கத்தில் வந்து நின்றது. அப்பா கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்துவிட்டார். உள்ளே பெட்டி இருந்தது. அதை அவர் கவனித்தாரோ இல்லையோ, பின்னால் வந்த காரிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள்.

“பொணம் போற வண்டிய படம் எடுக்குற? ஒன் வீட்டுல எழவு விழுந்தாத்தான்யா தெரியும்!”

கஸ்தூரி கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். வீட்டில் அம்மாவும் விடவில்லை. சாவு வண்டியைப் படம் எடுப்பது பந்தாங், குடும்பத்துக்கு ஆகாது என்று வெகுநாள் சொல்லிக் காட்டினாள். அன்று டயாலிசிஸ் சென்டரில் இறங்கும்போது அப்பா சொன்னார்.

“வண்டியத்தாம்மா எடுத்தேன். ஆள இல்ல. நான் போறப்ப அதுல அனுப்பிரு.”

“சும்மா இறங்குங்கப்பா.”

இப்போது முன்னால் போன பென்ஸின் வேகம் குறைந்தது. மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. தள்ளாடி ஓரம் ஒதுங்கி, மூடிப்போன அந்த பெட்ரோல் ஸ்டேஷனுக்குள்ளேயே போய் நின்றுவிட்டது. ஊர்வலத்தில் வந்த கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நின்றன.

தீபன் கதவை அறைந்துவிட்டு வந்தான்.

“சொன்னேன்ல? அப்பாவ நடுரோட்டுல நிக்க வச்சிட்டியேக்கா!”

அவன் குரல் உடைந்தது. அது அவளை நேராகக் குத்தியது. ஒரு நாள் கேட்டதை, அதுவும் விளையாட்டாகக் கேட்டதாகக்கூட இருக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள். நேரத்துக்குப் போகாவிட்டால் அம்மாவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

“ஒண்ணும் ஆவாது தம்பி. சூடு எறங்கட்டும், தண்ணி ஊத்துனா கெளம்பிரும்” என்றார் வேலு அண்ணன்.

காத்திருந்தார்கள். பிறகு கஸ்தூரி தன் காரிலிருந்த தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் சொன்ன கணக்கில் அப்பாவுக்கு அளந்து அளந்து கொடுத்துப் பழகிய கை. இன்னும் ஒரு வாய், ஒரே வாய் என்று அவர் கெஞ்சுவார், முடியாது என்பாள். இந்த வண்டி பாட்டில் பாட்டிலாகக் குடித்தது. அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

மரத்தடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சீனர் ஒருவர் எழுந்து, அவள் மைவியை நோக்கி வந்தார். அரைக்கால் சட்டை, கழுத்தில் பெரிய கேமரா. அப்பாவோடு நின்று ஞாயிறுதோறும் கார் பார்ப்பவர்; இன்றும் ஞாயிறு. பெயர்கூட அவளுக்குத் தெரியாது. பாதித் தூக்கத்தில் அவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கிறாள். அவர் குனிந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்.

“மிஸ், அங்கிள் மானா?”

அங்கிள் எங்கே என்று கேட்டார். அவள் பென்ஸின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சிரிப்பு போய்விட்டது. “சாரி, மிஸ்” என்றார். கேமராவைச் சட்டென்று முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார். தலை குனிந்து நின்றவரின் கண், தன்னையறியாமல், வண்டியின் கூரையில் தொடங்கிப் பின்சக்கரம் வரை போய்த் திரும்பியது. அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அம்பில் லா” என்றாள். எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பதறித் தலையசைத்தார். “பந்தாங், மிஸ்.”

“அப்பாவுக்குப் பிடிக்கும்” என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். அவர் கை மெல்ல முதுகுப் பக்கம், கேமராவுக்குப் போனது.

“அக்கா, யாரு இவன்?” தீபன் வேகமாக வந்தான். “படம் எடுக்கவா வந்திருக்கான்? சாவு வண்டியவா?” சிக்னலில் அன்று இறங்கி வந்தவர்களின் அதே குரல்.

“அப்பாவோட கூட்டாளி” என்றாள் கஸ்தூரி.

அவன் நின்றான். அந்த மனிதரைப் பார்த்தான். அப்பாவுக்குக் கூட்டாளி ஒருவர் இருந்தது அவனுக்குப் புதிது.

“கொஞ்சம் தள்ளி நில்லு தீபா. ஆளு குறுக்க நின்னா அப்பாவுக்குப் பிடிக்காது.”

வேலு அண்ணன் பானெட்டை மூடினார். தீபன் தோளிலிருந்த துண்டை எடுத்தான். சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தான். பிறகு குனிந்து, இரண்டு விளக்குகளையும் ஒவ்வொன்றாக, அழுக்குப் போகும்வரை துடைத்தான். துடைத்துவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் ஒதுங்கி நின்றுகொண்டான்.