கோடு விழுந்த கல்

மலையூரான அரவேணுவுக்குக் கீழே, தேயிலைச் சரிவை ஒட்டியிருந்த கடைசி வீடு வாசுகியுடையது. குளியலறை கட்டுவதற்காக வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டியபோதுதான் அந்தக் கல் கிடைத்தது. முறம் அகலம் இருக்கும். கழுவிப் பார்த்தால் அதன் ஒரு பக்கம் முழுக்க மெல்லிய கோடுகள், சீப்பால் வாரிவிட்டதுபோல ஒரே திசையில் ஓடின.

பக்கத்து வீட்டு மூக்கம்மா வந்து பார்த்தாள். இந்த மலையில் பழங்காலத்துச் சமாதிகள் உண்டு, இது செத்தவர் தலைமாட்டில் வைத்த எழுத்துக்கல்லாகத்தான் இருக்கும், கலைக்கக்கூடாததைக் கலைத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு வாசுகிக்கு நிம்மதி போயிற்று. கல்லுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். துணி காயப்போடக்கூடத் தனியாகப் பின்பக்கம் போகவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் கணவன் விஜயன் போனில் சிரித்தான். மழையோ விட்டபாடில்லை.

கல்லின் படம் செல்போன் செல்போனாகச் சுற்றி, கல்லூரியில் வரலாறு நடத்தும் ரேச்சலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். மலைச்சரிவுகளை ஆராயும் வேலையில் இருந்த அவள் கணவர் வசந்தகுமாரும் கூட வந்திருந்தார்.

ரேச்சல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். எழுத்தே இல்லை, மனிதக் கை பட்ட அடையாளமும் இல்லை என்றாள். வாசுகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வசந்தகுமார் கல்லின்மேல் விரலை வைத்துத் தேய்த்தார். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போன விரலை, திருப்பி இழுத்தபோது கல் சொரசொரவென்று தடுத்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, இது எந்த இடத்துல இருந்துச்சு? காட்டுங்க."

வெட்டிய மண்சுவரை அவர் மெல்லச் சுரண்டினார். கல் இருந்த குழிக்குப் பின்னால் ஈரக் களிமண் பளபளத்தது. அதிலும் அதே கோடுகள். கல்லில் இருந்தவை பழசாக இருக்கலாம். களிமண்ணில் இருந்தவை நேற்றுக் கீறியதுபோல இருந்தன. கதவு ஏதாவது இறுகுகிறதா என்று கேட்டார். கொஞ்ச நாளாகவே சமையலறைக் கதவு சாத்த வரவில்லை, மழையில் மரம் உப்பியிருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

"மண்ணு மேல மண்ணு உரசி இறங்குனா விழுற கோடுங்க இது. மேல இருக்கிற சரிவு நகருது. நீங்க வெட்டுனதுல அதுக்கு இருந்த முட்டும் போயிருச்சு. இருட்டறதுக்குள்ள எல்லாரும் கிளம்பிருங்க."

செத்தவருக்குப் பயந்தபோது கற்பூரமாவது ஏற்ற முடிந்தது. மலைக்கு என்ன செய்வது என்று வாசுகிக்குத் தெரியவில்லை. தன் கடப்பாரைதான் அதை அசைத்துவிட்டது என்ற நினைப்பு அவளை விடவில்லை.

ரேச்சல் யார் யாருக்கோ போன் செய்து பள்ளிக்கூடத்தைத் திறக்க வைத்தாள். வரிசையில் இருந்த வீடுகளெல்லாம் காலியாயின. வாசுகியின் மாமனார் அய்யாவு மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர் அவர். வந்து சேர்ந்த எஸ்டேட்டின் லயத்து வீட்டையும் பிறகு விட்டுத்தான் இங்கே குடியேறினார்.

"ரெண்டு தரம் பெட்டி கட்டிட்டேன் புள்ள. இன்னொருக்கா ஏலாது. நீ போ."

கூரைத் தகரத்தில் பொடிக்கற்கள் விழும் சத்தம் கேட்டது. ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது வாசுகிக்கு. ஆனாலும் கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க வராட்டி நானும் போகல மாமா."

கூரையைப் பார்த்தபடி கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அய்யாவு அவளைப் பார்த்தார். பிறகு கம்பளிக் குல்லாயை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. தட்டைப் போட்டுவிட்டு ரோட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். வாசுகியின் வீடும் மூக்கம்மாவின் வீடும் அங்கே இல்லை. மேலிருந்து மண்ணோடு வழுக்கி வந்த தேயிலைச் செடிகள், அங்கேயே நட்டு வளர்த்தவைபோல நிமிர்ந்து நின்றன. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

கல்தான் எல்லாரையும் காப்பாற்றியது, தேடியெடுத்துக் கோயில் கட்டவேண்டும் என்றாள் மூக்கம்மா. வாசுகி அங்கே வந்திருந்த வசந்தகுமாரிடம் போய், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மேடு எப்படி என்று கேட்டாள். அது முழுக்கப் பாறை, நேற்றே பார்த்துவிட்டேன், பயமில்லை என்றார். அவள் தலையாட்டினாள்.

அப்படியும் அன்று மாலை தன் பாயைப் பள்ளிக்கூடத்து வாசலை ஒட்டியே விரித்தாள். அய்யாவு தன்னுடையதையும் அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.